நாய் வளர்க்குறவங்க ஆமணக்குப் புண்ணாக்கு போடாதீங்க

கொல்லையில காய்கறி போடுற நண்பர்களே, வீட்டுல நாய் இருந்தா ஆமணக்குப் புண்ணாக்கு உரமே வேண்டாம். அதுல ரிசின்னு ஒரு கொடிய நச்சு இருக்கு. வாசனைக்கு நாய் மண்ணைக் கிளறித் தின்னுடும். வாந்தி, ரத்தக் கழிச்சல்னு ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தாயிடும். தின்னது தெரிஞ்சா காத்திருக்காம கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க.

எங்க தோட்டத்துல மட்கின சாணியும் மண்புழு உரமும்தான். கத்தரியும் வெண்டையும் நல்லாவே காய்க்குது. சின்ன வெங்காயப் பாத்திக்கு மட்டும் வலை கட்டியிருக்கோம். வெங்காயம், பூண்டு ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவை அழிக்கும்.

எங்க நாய் மணிக்கு ஈர மண்ணுன்னா உசுரு. வெயில் ஏறினா முன்னங்காலால குழி பறிச்சு, வயிறு மண்ணுல படுற மாதிரி படுத்துக்குவான். அதனால முருங்கை நிழல்ல ஒரு மூலை அவனுக்கே.

நாய்க் கழிவைக் காய்கறி உரக்குழியில சேர்க்காதீங்க. வீட்டு உரக்குழிச் சூட்டுக்கு அதுல இருக்கக்கூடிய உருளைப்புழு (ஒரு வகைக் குடல்புழு) முட்டை சாகாது.