யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்ன நாள்

சமூகப் பணியில் முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ முடித்து ஒரு தொண்டு நிறுவனம் வழியாக அரசு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. ஐந்து மாத வயிற்றோடு ஒரு பெண் வந்திருந்தாள். ஓ.பி சீட்டில் வயது 19 என்று இருந்தது. ஆதார் கேட்டேன். ஜெராக்ஸைத் தந்தாள், ஆனால் அதைப் பிறந்த தேதி இருக்கும் வரியிலேயே மடித்து மடித்து மையே உதிர்ந்துபோகும்படி வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

சொல்ல மாட்டேன் என்றேன். ரகசியம் காப்பது நம் தொழிலின் அடிப்படை என்று படித்துவிட்டு வந்தவள்தானே, வாயில் தானாக வந்துவிட்டது. அவள் சொன்னாள். பதினேழு நடக்கிறது. அவனுக்கு இருபத்தொன்று, மில் வேலை. கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சண்டை, அப்புறம் சமாதானம். அவளுக்கு ரத்தம் குறைவாக இருந்தது, அதற்காகத்தான் மாமியாரே கூட்டி வந்திருந்தார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் சம்மதத்துக்கு அதில் இடமே இல்லை. பிரிவு 19-ன்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் பிரிவு 21-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த வாக்கைக் கொடுத்தேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சரி, அன்றைக்கு மாலையே தகவல் போனது. டாக்டர் எழுதினார், போன் செய்தது நான். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். அவனை ரிமாண்ட் செய்தார்கள், அவளைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, கொஞ்ச நாளுக்கு ஒரு ஹோமில் வைத்தார்கள். நான் ஹோமுக்குப் போனபோது அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு மதியம் சாப்பாடு குடுத்திருப்பாங்களாக்கா?"

அந்த மாத அறிக்கையில் இந்தக் கேஸ் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற கட்டத்தில் போனது. கூட்டத்தில் பாராட்டினார்கள். ஹோமிலிருந்து போன பிறகு அவள் எங்கள் மருத்துவமனைக்கு வரவேயில்லை. எங்கே பிரசவம் பார்த்தாள், அந்த ரத்தக்குறைவோடு பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

அமெரிக்கத் தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-ல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இந்த வலிக்கு ஒரு பெயர் வைத்தார், நாம் அதை அறநெறி வேதனை என்று சொல்லலாம். எது சரி என்று தெரியாமல் தவிப்பது ஒன்று. எது சரி என்று தெரிந்தும், நிறுவனமும் விதியும் அதைச் செய்யவிடாமல் கட்டிப்போடுவது இன்னொன்று. அவர் பேசியது இரண்டாவதை. படித்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது, எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லையே என்று.

அதற்காக அந்தச் சட்டத்தைத் திட்டவும் என்னால் முடியவில்லை. பதின்மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு நடந்ததைச் சொந்தக்காரர்களே "நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாம், பொண்ணு பேரு கெட்டுடும்" என்று மூடப் பார்த்தபோது, ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, சொல்லாவிட்டால் எனக்கும் ஜெயில், உங்களுக்கும் ஜெயில் என்று சொல்லத்தான் நான் எழுந்தேன். அன்று அந்தப் பிரிவு 19 இல்லாவிட்டால் என் பேச்சை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தைக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரே படிவம், அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது.

நீதிமன்றங்கள் பார்க்காமல் இல்லை. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படியொரு வழக்கை ரத்து செய்து, காதல் உறவில் இருக்கும் வளரிளம் பருவத்தினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்றார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தகவல் கொடுக்கும்போது அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்ல விஷயம். ஆனால் குழந்தையைப் பெற்றுக்கொள்ள வந்து, ரத்த மாத்திரைக்காக என் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு?

இப்போது நான் யாரையும் பேசவிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: "பாப்பா, நீ சொல்றதுல சிலதை நான் மேலே சொல்லியே ஆகணும். அது என்னென்னன்னு முதல்ல கேட்டுக்கோ." இதுதான் நேர்மை என்று எனக்கே நம்பிக்கை உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கும் இதைத்தான் கற்றுத் தருகிறேன்.

போன மாதம் ஒரு பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பர்ஸை மூடிவிட்டு, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. ஓ.பி மூடும்வரை அவள் சீட்டு என் மேசையிலேயே கிடந்தது. வயது 19. சந்தேகம் வந்தாலே தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அன்று நான் போனை எடுக்கவில்லை.