ரயில் இல்லாத ஸ்டேஷன்

மூணாறில் இன்று காலை பஸ்ஸுக்கு நின்றோம். வந்த வண்டியின் போர்டைப் பார்த்து மகள் கேட்டாள்: "டாப் ஸ்டேஷன்னு போட்டிருக்கே, அங்க ரயில் வருமாப்பா?"

வராது. ஆனால் ஒரு காலத்தில் வந்தது!

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சினே ஓடியது. தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி, தூத்துக்குடி, கப்பல்.

1924 ஜூலையில் வந்த பெருமழை அந்த ரயில் பாதையை வாரிக்கொண்டு போய்விட்டது. ரயில் ஓடுவது அதோடு நின்றது. மலையாள நாட்காட்டியில் அது கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறார்கள்.

மூணாறைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். ரயிலை மட்டும் கட்டவே இல்லை. ஆலுவாயிலிருந்து வந்த பழைய சாலையும் கரிந்திரி மலை சரிந்ததில் போயிற்று. நேரியமங்கலம், அடிமாலி என்று நாம் இப்போது வளைந்து வளைந்து ஏறுகிறோமே, அது வெள்ளத்துக்குப் பிறகு போட்ட வழி. ஊருக்கு வாசலே மாறிவிட்டது.

இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கண்டக்டரிடம் மகள்தான் கேட்டு வாங்கினாள்: "ஸ்டேஷனுக்கு மூணு டிக்கெட்."