திரும்பி வந்த பாட்டு

ராக்ஸெட் குழுவின் 'இட் மஸ்ட் ஹேவ் பீன் லவ்' என்றாலே பலருக்கு 'பிரெட்டி வுமன்' படம்தான் நினைவுக்கு வரும். ஜூலியா ராபர்ட்ஸ் ஹோட்டலை விட்டுக் கிளம்பிப் போகிற காட்சி. நானும் ரொம்ப நாள் அந்தப் படத்துக்காகவே எழுதிய பாட்டு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். படம் 1990இல் வந்தது, ஆனால் பாட்டு 1987 டிசம்பரிலேயே ஸ்வீடனில் வெளிவந்துவிட்டது, அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டாக. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை.

பாட்டை எழுதிய பேர் கெஸ்லேயிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹால்ம்ஸ்டாட் என்கிற கடலோர ஊர்க்காரர். அவருடைய கில்லேனே டீடர் குழு 80களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கொடிகட்டிப் பறந்தது. அப்புறம் 1984இல் ஆங்கிலத்தில் ஒரு ஆல்பம் போட்டார்கள், எடுபடவில்லை. 1985இல் குழு கலைந்தது, அதே வருடம் வந்த அவருடைய தனி ஆல்பமும் சரியாகப் போகவில்லை. வயது 26, அதற்குள் எல்லாம் முடிந்துபோன ஆள் என்று பேச்சு வந்துவிட்டால் எப்படி இருக்கும்! அவர் மற்றவர்களுக்குப் பாட்டு எழுத ஆரம்பித்தார். வேறொரு பாடகிக்காக ஸ்வீடிஷில் எழுதிய ஒரு பாட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தது. அதை ஆங்கிலத்தில் மாற்றி நீயும் பாடகி மரீயும் சேர்ந்து பாடுங்கள் என்று ரெக்கார்ட் கம்பெனியில் யோசனை சொன்னார்கள். அந்தப் பாட்டுதான் 1986இல் 'நெவரெண்டிங் லவ்' ஆனது, ராக்ஸெட் பிறந்தது.

மரீ ஃப்ரெட்ரிக்சனுக்கு அப்போது இது தேவையே இல்லை. அவருடைய தனிப்பாட்டு ஆல்பங்கள் ஸ்வீடனில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இருந்தும் தோற்றுப்போனவர் என்று ஊர் சொன்ன பழைய நண்பரோடு போய் நின்றார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். இ.எம்.ஐ. ரெக்கார்ட் கம்பெனியின் ஜெர்மனி கிளை ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டது, கெஸ்லே எழுதிக் கொடுத்தார். 'கிறிஸ்துமஸ் ஃபார் தி ப்ரோக்கன் ஹார்ட்டட்' என்று கூடவே ஒரு துணைத்தலைப்பு, அதாவது மனம் உடைந்தவர்களுக்கான கிறிஸ்துமஸ். ஸ்வீடனில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஆனால் கேட்டு வாங்கிய ஜெர்மனிக்காரர்கள் அதை வெளியிடவே இல்லை! மறுபடியும் திரும்பி வந்த பாட்டு. அடுத்த வருடம் வந்த 'லுக் ஷார்ப்!' ஆல்பத்திலும் அதற்கு இடமில்லை.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மினியாபோலிஸில் ஒரு மாணவர் ஸ்வீடனிலிருந்து வாங்கிவந்த 'லுக் ஷார்ப்!' ஆல்பத்தை உள்ளூர் ரேடியோவில் கொடுக்க, அதிலிருந்த 'தி லுக்' பாட்டு 1989இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, அதே வருடம் 'லிசன் டு யுவர் ஹார்ட்' முதலிடம் பிடித்தது, உடனே ஹாலிவுட்டிலிருந்து படத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று ஆள் வந்தார்கள். இவர்கள் டூரில் இருந்தார்கள், புதிதாக எழுத நேரமில்லை. கெஸ்லே அந்தப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்து நீட்டினார். ராக்ஸெட்டின் இசைத் தயாரிப்பாளர் க்ளாரன்ஸ் ஓவர்மன் இசையில் சில சேர்க்கைகள் செய்தார். மரீ ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி பாடினார், 'கிறிஸ்துமஸ் நாள்' என்று வருகிற இடம் 'குளிர்கால நாள்' என்று மாறியது. மற்றபடி உலகம் முழுக்க நாம் கேட்டு உருகுகிற குரல் 1987இல் பாடிய அதே குரல்தான். 1990 ஜூனில் இரண்டு வாரம் அமெரிக்காவில் முதலிடம்.

அந்த ஒரு சொல் மாற்றத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் ஒரு நாள், அது போய்விடும். ஹால்ம்ஸ்டாட்டில் டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அந்த இருட்டு மாதக்கணக்கில் நீளும். காதல் போன பிறகு இருக்கிற நாட்களும் அப்படித்தானே நீள்கின்றன. வேலை நிமித்தம் செய்த திருத்தம்தான், ஆனால் பாட்டுக்கு அது பொருந்திப்போனது.

இந்த வகைப் பாட்டுகளில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே கத்த ஆரம்பித்துவிடுவார்கள். டிரம்ஸ் எதிரொலியோடு அதிரும், குரலும் அதோடு போட்டி போடும். மரீ அப்படிச் செய்யவில்லை. முதல் சரணத்தில் பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போலத் தணிந்து பாடுகிறார். பல்லவியில் குரல் உயர்கிறபோதும் அழுகையை உள்ளே பிடித்து வைத்திருப்பது தெரிகிறது, கடைசி வரை அதை முழுசாக விடுவதில்லை. சோகப் பாட்டு பாடுகிற யாரும் ஒருமுறை உட்கார்ந்து கவனிக்க வேண்டிய பாட்டு இது.

2002இல் மரீக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அதன் பிறகும் மேடைக்கு வந்தார். கடைசி சில வருடங்களின் நிகழ்ச்சிப் பதிவுகளில் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடுகிறார். இந்தப் பாட்டு வரும்போது கூட்டம் முந்திக்கொண்டு பாடுகிறது, அவர் மைக்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். 2016 பிப்ரவரியில் கேப் டவுனில் ராக்ஸெட்டின் கடைசி நிகழ்ச்சி. 2019 டிசம்பர் 9ஆம் தேதி மரீ இறந்துபோனார்.

செய்தி வந்த அன்று இரவு நான் போட்டுக் கேட்டது படத்தில் வந்த பாட்டை அல்ல. கிறிஸ்துமஸ் வரி இன்னும் மாறாமல் இருக்கிற அந்த 1987 பதிவைத்தான்.