பிழிந்த பிறகுதான் வினிகர்

நவம்பர் 9

இன்று முதல் பாடம். டோக்கியோவில் நிஷிகாசாய் பக்கம் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. கீழ்வீட்டு அம்மாவிடம் சமையல் கேட்க இத்தனை நாள் தயக்கம். எழுபதைத் தாண்டியவர். நான் அவரை ஒகாசான், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுகிறேன். வினிகர் சேர்த்த பதார்த்தங்களை முதலில் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். புளி கரைத்துப் பழகிய கைக்கு அது சுலபமாக வரும் என்று ஒரு நினைப்பு.

வினிகரில் ஊறும் காய்ப் பதார்த்தமான சுனோமோனோவில் ஆரம்பித்தார். வெள்ளரிக்காயைக் காகிதம் போல அரிந்து, உப்புப் பிசறி, பத்து நிமிடம் விட்டார். அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிழிந்தார். ஒரு கிண்ணக் காய் ஒரு பிடி ஆனது. அடுத்து செய்ததுதான் எனக்குப் புதிது. ஒரு கரண்டி வினிகரைத் தெளித்துப் புரட்டி, மறுபடியும் பிழிந்து, அந்த வினிகரைக் கீழே கொட்டிவிட்டார்! இதற்கு ‘சுஅராய்’ என்று பெயர், வினிகரில் அலசுவது. காயில் தங்கிய நீரும் இதில் போய்விடுவதால், பின்னால் ஊற்றும் கலவை நீர்த்துப்போகாது. அந்தக் கலவை சன்பைசு: வினிகர், ஷோயு என்ற சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது. சன்பை என்றால் மூன்று கிண்ணம்.

சாப்பிட்டதும் முதலில் வெள்ளரிதான் தெரிந்தது. புளிப்பு பின்னால் மெல்ல வந்தது.

நவம்பர் 12

தனியாகச் செய்து பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே கலந்து வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் பச்சை வெளுத்துப் பாசி நிறம். கிண்ணத்தின் அடியில் தண்ணீர். அமிலம் பட்டால் பச்சையம் நிறம் மாறத்தானே செய்யும். “சாப்பிட உட்காரும்போது கலந்தால் போதும்” என்றார் ஒகாசான்.

இங்கே குழந்தைகளுக்கும் சொல்லித்தரும் வரிசை ஒன்றையும் சொன்னார்: ச, ஷி, சு, செ, சோ. சேர்க்க வேண்டியவற்றின் ஜப்பானியப் பெயர்களை நினைவூட்டும் எழுத்துகள்: சர்க்கரை, உப்பு, வினிகர், ஷோயு, மிசோ என்ற புளித்த சோயா விழுது. வினிகருக்கு மூன்றாம் இடம். முன்னாலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதன் வாசம் ஆவியோடு போய்விடும்.

நவம்பர் 23

சுஷிச் சோறு. 2 கோ அரிசிக்கு, அதாவது சுமார் 300 கிராமுக்கு, வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, கொம்பு என்ற கடற்பாசி ஒரு துண்டு போட்டு வேகவைத்தோம். ஹாங்கிரி என்ற அகலமான மரத்தொட்டியை முதலில் நனைத்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வினிகரை மரமே குடித்துவிடும்.

புளியோதரைக்கு நாம் சோற்றை ஆறவைத்துக் கிளறுவோம். இங்கே நேர்மாறு. சோறு ஆவி பறக்கும்போதே வினிகர் விழ வேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கும். கிளறவும் கூடாது. தட்டை அகப்பையைச் சாய்த்துப் பிடித்து வெட்டி வெட்டிப் புரட்ட வேண்டும். அது முடிந்த பிறகுதான் விசிறி. நான் வீச வீச, பருக்கை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. மூக்கில் ஏறிய காரநெடியும் அடங்கியது.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்து சுஷிக்குப் போனது, சாக்கே என்ற அரிசி மதுவின் மண்டியிலிருந்து எடுத்த சிவந்த வினிகர். ஹாண்டா ஊரில் நகானோ மதசாஎமோன் 1804-இல் அதைச் செய்யத் தொடங்கினார். ஒகாசான் ஒரு சிறு புட்டி வைத்திருக்கிறார். முகர்ந்தேன், மிசோ நெடி கொஞ்சம் அடித்தது.

டிசம்பர் 7

நன்பன்சுகே. அஜி மீனைப் பொரித்துச் சூடாகவே வினிகரில் போட வேண்டும். வெங்காயம், காரட், ஒரு காய்ந்த மிளகாய். நன்பன் என்று இங்கே அந்தக் காலத்தில் போர்த்துகீசியரைச் சொன்னார்கள். அவர்கள் வந்திறங்கியது 1543-இல். என் காதில் அது ‘நண்பன்’ என்றே விழுகிறது. மறுநாள் இன்னும் ருசி.

டிசம்பர் 15

ஷிமெசபா. இதற்காகவே காத்திருந்தேன். சபா நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தம். குளிர்காலத்தில்தான் அதற்குக் கொழுப்பு ஏறும். இரண்டு துண்டங்களையும் வெள்ளை வெளேரென்று உப்பில் மூடி, ஒரு மணி நேரம் சாய்த்து வைத்தார். தட்டில் இறங்கிய நீரில் மீன் நாற்றமெல்லாம் இருந்தது. இங்கும் முதலில் தண்ணீரை வெளியேற்றும் வேலைதான். கழுவித் துடைத்து, அரை மணி நேரம் வினிகரில். பிறகு நடு முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மேல்தோலைத் தலைப்பக்கமிருந்து உரித்ததும் ஒரே இழுப்பில் வந்தது, அடியில் வெள்ளி மின்னியது. அரிந்தால் ஓரம் பால் வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு.

ஒன்றை அழுத்திச் சொன்னார், நானும் அழுத்தி எழுதுகிறேன். மீனுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியான அனிசாகிஸ் புழுவை வினிகர் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்த மீனைத்தான் நாங்கள் எடுத்தோம்.

வகாசா கடற்கரையிலிருந்து கியோட்டோவுக்கு உப்பிட்ட சபாவைச் சுமந்தே கொண்டுபோனார்கள். அந்தப் பாதைக்கு இன்றும் சபா கைதோ என்றே பெயர். வழியிலேயே உப்பு இறங்கிவிடும். போய்ச் சேர்ந்ததும் வினிகர். சாப்பிடும்போது அந்த நடையை நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 31

புத்தாண்டுக்குக் கோஹாகு நமாசு, சிவப்பும் வெள்ளையுமான வினிகர்க் காய். முள்ளங்கியும் காரட்டும் நூல் போல. காரட் கொஞ்சம்தான், கூடினால் சிவப்பு மேலோங்கிவிடும். இன்று அரிந்ததும் பிசறியதும் நானே. ஒகாசான் பக்கத்தில் உட்கார்ந்து யூசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோலை மட்டும் சீவித் தந்தார். நான் பிழிந்து வைத்ததை எடுத்து மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டும் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டு ஜூபாகோ அடுக்குப்பெட்டியைத் திறந்து, இறாலுக்கும் கருப்பு சோயா மொச்சைக்கும் நடுவே அதை வைத்தார். நாளைக் காலை அவர் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.