விளக்கு மாட்டிய பிறகு

வளரும் நாடுகளின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்களுக்கு வெளிநாடுகள் தரும் உதவியைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் எத்தனை கோடி டாலர், எத்தனை மெகாவாட் என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. கூரையில் பேனலைப் பொருத்திவிட்டுப் போனவர் அந்த வீட்டு வாசலுக்கு மறுபடியும் வருவாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடிகளை அவ்வப்போது திறந்து, மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது அப்பாவின் வேலையாக இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த ஆண்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. உள்ளே தகடுகள் காய்ந்து பேட்டரி வீணாகிப்போனது. பேட்டரிக் கடை தெருமுனையிலேயே இருக்கும் ஊரில் இந்த நிலை என்றால், படகில் போய்ச் சேரவேண்டிய ஆற்றுத்திட்டு வீடுகளில் அது எத்தனை நாள் உழைக்கும் என்ற எண்ணம்தான் வங்கதேசத்தின் சோலார் வீட்டுத் திட்டத்தைப் பற்றி என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

2003-இல் தொடங்கிய அத்திட்டத்துக்கு உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் முதலில் பணம் தந்தன. ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் வளர்ச்சி உதவி முகமையான ஜைக்கா போன்றவை பின்னர் சேர்ந்துகொண்டன. அப்போது அந்நாட்டின் ஊர்ப்புற வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின் இணைப்பு கிடையாது. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்குதான். பணம் போய்ச் சேர்ந்த வழியைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டத்தின் உயிர் அதில்தான் இருந்தது. கடனாக வந்த பணத்தை வங்கதேச அரசு, 1997-இல் தான் தொடங்கிய இட்கால் என்னும் நிதி நிறுவனத்திடம் கொடுத்தது. கிராமீன் சக்தி, பிராக் போன்ற உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் பேனலையும் பேட்டரியையும் வாங்கி வீடுகளில் பொருத்தி, வீட்டாரிடம் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பணம் பெற்றுக்கொண்டு, மீதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாக வசூலித்தன. பொருத்தியவற்றை இட்கால் ஆட்கள் நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். வீட்டார் தவணையில் கட்டவேண்டிய தொகையின் பெரும்பகுதியை இட்கால் அவ்வமைப்புகளுக்குக் கடனாகத் தந்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான். தவணை வாங்க மாதாமாதம் வந்தவருக்கு, விளக்கு எரியாத வீட்டில் பணம் கேட்க வாயில்லை. ஆகவே வசூலும் பராமரிப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. தகரக் கூரையில் சிறிய பேனல், சுவரில் பேட்டரியின் நிலையைக் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகள் மினுங்கும் சார்ஜ் கன்ட்ரோலர், கட்டிலோரத்தில் மரப்பெட்டிக்குள் பேட்டரி: வந்தவர் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். ஆனால் பேட்டரியின் முனையில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைக்கவும், தண்ணீர் குறைந்தால் சொல்லவும், சிவப்பு விளக்கு எரியும்போது டிவியைப் போடாதீர்கள் என்று வீட்டுப் பெண்களிடம் எடுத்துச் சொல்லவும் ஓர் ஆள் இருந்தார் என்பது, பல நாடுகளின் நன்கொடைத் திட்டங்களில் இல்லாமல் போன ஒன்று.

விலைச் சுமையைக் குறைக்கத் தரப்பட்ட மானியமும் நிரந்தரமாக வைக்கப்படவில்லை. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கான சோலார் கருவிக்கு 90 டாலராக இருந்தது, பேனல் விலை இறங்க இறங்கக் குறைக்கப்பட்டு, கடைசியில் மிகச் சிறியவற்றுக்கு மட்டும் 20 டாலர் என்றானது. 2008-க்குள் 50,000 வீடுகள் என்பதே முதல் இலக்கு. அதை 2005-லேயே எட்டிவிட்டார்கள். 2013-ஐ ஒட்டிய உச்சத்தில் மாதத்துக்கு 60,000-க்கும் மேல் பொருத்தப்பட்டன. முடிவில் சுமார் 41 லட்சம் வீடுகள், ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள்.

அதன்பின் நடந்தது என்னை வருத்துகிறது. ஒருபுறம் ஊரக மின்வாரியத்தின் கம்பிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்து சேர்ந்தன. 2022 மார்ச்சில் நாடு முழுவதும் மின்சாரம் கிடைத்துவிட்டதாக வங்கதேசம் அறிவித்தது. அது மகிழ வேண்டிய செய்தி, அதில் எனக்கு ஐயமில்லை. மறுபுறம், நிவாரணத் திட்டங்களுக்கான அரசுப் பணத்தில் சோலார் அமைப்புகள் இலவசமாகவே வழங்கப்பட்டன. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைத்ததற்கு நாம் ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டால் அதில் தவறு காண முடியாது. தவணைகள் நின்றன, தவணை நின்றதும் வீடு தேடி வந்தவரும் நின்றார், வசூலை நம்பிக் கடன் வாங்கியிருந்த அமைப்புகள் இட்காலுக்குத் திருப்பிக் கட்ட முடியாமல் திணறின. கடன் தந்தவர்களும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியவர்கள். மின்கம்பி எந்த ஊருக்கு எப்போது போகும் என்பதையும் அந்த மேசையிலேயே வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேட்டரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஈய அமில பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்ய இட்கால் விதிமுறை வைத்திருந்தது. ஆனால் வசூல்காரர் வராத வீட்டில் அந்த விதிமுறையை யார் நிறைவேற்றுவார்? வங்கதேசத்தில் பழைய பேட்டரிகளை வெட்டவெளியில் உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகள் ஏராளம். அவற்றின் புகையும் தூசும் சுற்றியுள்ள குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமாகச் சேர்வது ஆய்வுகளில் உறுதியானது. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து குழந்தைகளைக் காக்கப் புறப்பட்ட பணம் இது. எனவே அடுத்த நாட்டில் இதே திட்டத்துக்குக் கையெழுத்திடுவோர், மின்கம்பி வந்த நாளில் பேனலை என்ன விலைக்கு யார் வாங்கிக்கொள்வார், செத்த பேட்டரியைத் தூக்கிப் போகும் வண்டிக்கூலியை யார் கொடுப்பார் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே தொகையோடு எழுதிவிட வேண்டும் என்று கேட்கிறேன்.