பக்கத்து வீட்டு ஆதாரத்தில் கிடைத்த பூட்டனின் தம்பி

எங்கள் வீட்டுப் பெயர் புளியடிவிளை. கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் யாரையாவது தேடிப் போனால் ஆள் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, "எந்த வீடு?" என்றுதான் கேட்பார்கள். அதனால் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஐந்தாறு தலைமுறை கிடைத்துவிடும் என்று நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

விளை என்பது மண்ணின் பெயர். வயல் என்றால் ஏலா, மேட்டு நிலம் என்றால் விளை. அங்கே போய் யார் குடியிருந்தாலும் பெயர் அவர்களோடு ஒட்டிக்கொள்ளும். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கண் திறந்தது பெரியப்பாவின் மரப்பெட்டியில் இருந்த ஆதாரத்தால். பத்திரத்தை எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வோம். திருவிதாங்கூர் காலத்தது, முழுக்க மலையாளம். 1956 நவம்பர் 1-இல்தானே நாங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்க வராது. ஆதாரம் எழுதியே வயதான ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மடிப்பெல்லாம் பொடிந்துபோயிருந்தது, அவர் காகிதத்தில் கை படாமல் வரிக்கு மேலேயே விரலை நகர்த்தி வாசித்தார். தேதி 1086 மகரம். இது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு, சிங்ஙம் மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும், டிசம்பர் வரை 824-உம் ஜனவரியிலிருந்து 825-உம் கூட்டிக்கொள் என்றார். மகரம் ஜனவரி நடுவில் தொடங்கும், அப்படியென்றால் 1911. விளையை வாங்கியது பாட்டாவின் அப்பா, என் பூட்டன். அவர் பெயருக்கு முன்னால் "மேக்கே பனவிளை வீட்டிலிருந்து இப்போது புளியடிவிளையில் தாமசிக்கும்", அதாவது குடியிருக்கும், என்று இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, பனவிளைக்குப் போனேன். முழுக்க ரப்பர். வீடு இருந்த தடமே இல்லை. பதிவு அலுவலகத்தில் பழைய நகல் கேட்டால் ஆவண எண்ணும் வருஷமும் கொண்டுவா என்றார்கள், அது தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்?

அப்புறம் அண்ணாச்சிதான் ஒரு வழி சொன்னார், இதே தேடலில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்: உங்கள் ஆதாரம் தொலைந்திருந்தால் பக்கத்து நிலத்து ஆதாரத்தைக் கேளுங்கள். நான்கு எல்லை எழுதாமல் ஆதாரம் கிடையாது, அந்த எல்லைகளில் உங்கள் ஆட்கள் இருப்பார்கள். ரப்பர் தோட்டத்துக்குக் கிழக்கே குடியிருக்கும் ஒரு அக்கா முதலில் தயங்கினார், நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறேனோ என்ற பயம். மூன்றாம் தடவை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அவர்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை ஆதாரத்தை எடுத்துக் காட்டினார். மேற்கு எல்லை: பனவிளைப் புரையிடம், அதாவது வீட்டு மனை. உடைமை, பூட்டனும் அவர் தம்பியும்.

பூட்டனுக்கு ஒரு தம்பி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. மேக்கே பனவிளை என்று ஒன்று இருந்தால் கிழக்கே பனவிளையும் இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தம்பியின் பேரப்பிள்ளைகள் மார்த்தாண்டத்தில் இருக்கிறார்கள் என்றார் அக்கா. பெரியப்பா அங்கேயே உட்கார்ந்து அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.