'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யா, 'யுவர்ஸ் சின்சியர்லி'யா?

ஆங்கிலத்தில் கடிதம் எழுதி முடித்த பிறகு, கையெழுத்துக்கு மேலே என்ன போடுவது என்று தடுமாறுகிறவர்கள் பலர். விடை கடிதத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது. பெயர் சொல்லாமல் 'டியர் சார்', 'டியர் மேடம்' என்று தொடங்கியிருந்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'. 'டியர் மிஸ்டர் ராமன்', 'டியர் டாக்டர் கமலா' என்று பெயரைச் சொல்லித் தொடங்கியிருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரிட்டிஷ் வழக்கம். நம் ஊர் வங்கி, அலுவலகக் கடிதங்களுக்கும் இதுதான் அடிப்படை. நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி உண்டு: சார், சின்சியர்லி இரண்டுமே எஸ்ஸில் தொடங்குபவை; இரண்டு எஸ்ஸும் ஒரே கடிதத்தில் சேரக் கூடாது.

எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாமல் 'டியர் கிரண் வர்மா' என்று முழுப் பெயரோடு எழுதினாலும் பெயர் வந்துவிட்டது, ஆகவே சின்சியர்லிதான். பதவியை மட்டும் சொல்லும்போதுதான் இழுபறி. 'டியர் எடிட்டர்' என்றால் ஃபெய்த்ஃபுல்லி போடுவதே பழைய முறை. 'டியர் ஹயரிங் மேனேஜர்' என்று எழுதிவிட்டு சின்சியர்லி போடுவது இன்று சகஜம். அதற்காக யாரும் விண்ணப்பத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் 'டியர் சார்' என்று தொடங்கி 'வார்ம் ரிகார்ட்ஸ்' என்று முடித்தால், பெயர்கூடத் தெரியாதவரிடம் தோளில் கை போட்டுப் பேசுவது போல இருக்கும்.

தொடக்கமும் முடிவும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. உப்புச் சட்டத்தை மீறப் போவதாக அறிவித்து 1930 மார்ச் 2 அன்று காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதம். அது 'டியர் ஃப்ரெண்ட்' என்று தொடங்கி 'ஐ ரிமெய்ன், யுவர் சின்சியர் ஃப்ரெண்ட்' என்று முடிகிறது. அந்தக் காலத்து அரசுக் கடிதங்களில் 'ஐ ஹேவ் தி ஹானர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்ற நீண்ட வாய்பாடு புழங்கியது. மேலதிகாரி கீழுள்ளவருக்கு எழுதினாலும் அதே பணிவான 'சர்வன்ட்'தான். காந்தி அதைத் தொடவில்லை. மேலே நண்பர் என்றார், கீழேயும் நண்பர் என்றார்.

இதே கடிதத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது: 'யுவர்' என்று எழுதினாரே ஒழிய 'யுவர்ஸ்' என்று எழுதவில்லை. நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பின்னால் ஃப்ரெண்ட், ஸ்டூடன்ட், சன் என்று பெயர்ச்சொல் வந்தால் எஸ் இல்லாத 'யுவர்': 'யுவர் ஒபீடியன்ட் ஸ்டூடன்ட்', 'யுவர் லவ்விங் சன்'. பெயர்ச்சொல் இல்லாமல் 'லி'யில் முடியும் சொல் மட்டும் வந்தால் 'யுவர்ஸ்': 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி', 'யுவர்ஸ் சின்சியர்லி'. 'யுவர்ஸ் லவ்விங் ஃப்ரெண்ட்', 'யுவர் ஃபெய்த்ஃபுல்லி' இரண்டும் தப்பு. யுவர்ஸில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்கமா போடுவதும் தப்பு. எந்த இடத்திலும் அந்தச் சொல்லுக்கு மேற்கமா கிடையாது. ஸ்பெல்லிங்கில் விழும் குழிகள் இரண்டு: சின்சியர்லியில் ஆருக்குப் பிறகு வரும் ஈ விட்டுப்போகும், ஃபெய்த்ஃபுல்லியில் இரண்டு எல் வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் நிற்கும்.

'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' பள்ளி விடுப்புக் கடிதத்தோடு நிற்கட்டும். வேலை விண்ணப்பத்திலோ வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போதோ அது மரியாதையாகத் தெரியாது, கூனிக் குறுகுவதாகத் தெரியும்.

அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்குக் குழப்பம் குறைவு. மத்தியத் தலைமைச் செயலக நடைமுறைக் கையேட்டின்படி சாதாரணக் கடிதம் 'சார்' அல்லது 'மேடம்' என்று தொடங்கி ஃபெய்த்ஃபுல்லியில் முடியும். அதிகாரிகள் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளும் டி.ஓ. (டெமி அஃபிஷியல்) லெட்டர் சின்சியர்லியில் முடியும். துறைகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஆபீஸ் மெமோரண்டத்துக்கு 'சார்' போன்ற விளிப்பும் இல்லை, முடிப்பும் இல்லை. கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் மட்டுமே.

இனி, காகிதத்தில் இது உட்காரும் விதம். கடைசிப் பத்திக்குக் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே கேபிடல். யுவர்ஸின் ஒய் பெரியது, அடுத்த சொல்லின் எஃப்போ எஸ்ஸோ சின்னது. பிறகு கமா. அதன் கீழே கையெழுத்துக்கு மூன்று நான்கு வரி இடம், அதற்கும் கீழே டைப் செய்த பெயர், பதவி. இணைப்புப் பட்டியல் பெயருக்கும் கீழே வரும், மேலே வராது. எல்லாமே இடது ஓரத்தில் தொடங்கும் வடிவத்தில் முடிப்பும் இடது ஓரத்தில்தான். தேதியை நடுவிலிருந்து தொடங்கும் வடிவத்தில், முடிப்பும் அந்தத் தேதிக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். விளிப்புக்குப் பின் கமா போடாத பாணியில் எழுதினால் முடிப்புக்கும் கமா வேண்டாம். அமெரிக்க அலுவலகக் கடிதத்தில் மட்டும் விளிப்புக்குப் பின் முக்காற்புள்ளி, முடிப்புக்குப் பின் கமா.

அடிக்கடி கண்ணில் படும் கோளாறு, முடிப்பும் கையெழுத்தும் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடுவது. பார்க்க அசிங்கம் என்பது ஒரு பக்கம். வேறு கடிதத்தின் தாளோ என்ற சந்தேகமும் வரும். உடற்பகுதியின் இரண்டு வரியாவது கூடப் போக வேண்டும். வேர்டில் கடைசிப் பத்தியிலிருந்து உங்கள் பெயருக்கு முந்தைய வரி வரை, நடுவிலுள்ள வெற்று வரிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் அமைப்பில் 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்தால் பிரியாது. கீழே இடது மூலையில் 'பிளேஸ்', 'டேட்' போடுவது நம் விண்ணப்பப் படிவங்களிலிருந்து வந்த பழக்கம். மேலே ஏற்கெனவே தேதி இருந்தால் இதை எடுத்துவிடலாம். இரண்டு இடத்தில் இரண்டு தேதி நின்றுவிடும் ஆபத்தும் இல்லை.

முடிப்புக்கு முந்தைய வரியும் கவனிக்க வேண்டியது. தனியாக நிற்கும் 'தேங்கிங் யூ' நம் நாட்டில் பழகிப்போனது. வெளியே அது பாதியில் அறுந்த வாக்கியம். 'தேங்க் யூ ஃபார் யுவர் டைம்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்பதில் 'ஹியர்' அல்ல, 'ஹியரிங்'. அதையும் 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று முழு வாக்கியமாக்குவது நல்லது. 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' எனக்குப் பிடிக்காது. மாட்டேன் என்று சொல்ல வழி விடாத நன்றி அது.

அமெரிக்காவுக்கு எழுதுகிறீர்களா? ஃபெய்த்ஃபுல்லியை மறந்துவிடுங்கள். பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் 'சின்சியர்லி' என்ற ஒற்றைச் சொல் போதும். அங்குள்ள வழக்கறிஞர்கள் கடிதத்தில் 'வெரி ட்ரூலி யுவர்ஸ்' பார்க்கலாம். ராணுவத்தில் மேலதிகாரிக்கு 'வெரி ரெஸ்பெக்ட்ஃபுல்லி', சமமானவர்க்கும் கீழுள்ளவர்க்கும் வெறும் 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி'.

மின்னஞ்சலில் விதி தளர்வு. முதல் மடலுக்கு 'கைண்ட் ரிகார்ட்ஸ்' அல்லது 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' எங்கேயும் செல்லும். வெறும் 'ரிகார்ட்ஸ்' கொஞ்சம் விறைப்பு. 'வார்ம் ரிகார்ட்ஸ்' அறிமுகமானவர்களுக்கு. 'சியர்ஸ்' பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணம். அங்கிருந்து அவர்கள் முதலில் போட்டபின் நீங்கள் போடலாம். 'தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்' ஆட்டோ சிக்னேச்சரில் உட்கார்ந்துகொண்டு எல்லா மடலிலும் ஒட்டிக்கொள்ளும். பணம் திரும்ப வரவில்லை என்று மூன்றாவது முறை புகார் செய்யும் மடலிலும், துக்கம் கேட்டு எழுதும் மடலிலும் அது நன்றி சொல்லிக்கொண்டு நிற்கும். சிக்னேச்சரில் பெயர், பதவி, தொலைபேசி எண் மட்டும் வைத்துக்கொண்டு, முடிப்பை ஒவ்வொரு முறையும் கையால் டைப் செய்யுங்கள். துக்க மடலுக்கு 'வித் டீப்பஸ்ட் சிம்பதி'. ஒரே நாளில் நாலைந்து முறை மாறி மாறிப் பதில் போகும்போது மூன்றாவது மடலிலிருந்து முடிப்பே வேண்டாம், பெயர் போதும்.